நம்ம குன்றுக்கோயில் சைக்கிள்

அடிவாரத்திலிருந்து பாலும் பூவும் ஏத்திட்டு வர்ற நம்ம மின்சார மலைச் சைக்கிளுக்கு என்ன செஞ்சோம்னு பலரும் கேக்குறீங்க.

"48 வோல்ட் பேட்டரி மாத்தினா பறக்கும்ணே"ன்னு தம்பிங்க ஒத்தைக் கால்ல நின்னாங்க. எங்களுக்கும் ஆசைதான், பொய் சொல்லல. ஆனா உள்ள இருக்கிற கன்ட்ரோலர் 36 வோல்ட்டுக்குச் செஞ்சது, எரிஞ்சு போகலாம். நாம சார்ஜ் போடுறதோ எண்ணெயும் சூடமும் வைக்கிற ஸ்டோர்ல!

அதுக்குள்ள போன வெள்ளிக்கிழமை, அன்னதானப் பாத்திரங்களோட இறங்குறப்போ பிரேக் சூடேறி, கடைசி வளைவுல பிடிக்கவே இல்ல. லோங்காங் ஓரப் புல்லுல சாய்ச்சதால தம்பிக்கு முட்டி சிராய்ப்போட போச்சு. பத்தடி தள்ளி, செருப்பு விடுற இடத்துல பிள்ளைங்க விளையாடிட்டு இருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி எங்கள்ல யாரும் சரியாத் தூங்கல.

பேட்டரிக்குச் சேர்த்த ரிங்கிட்டுல, ஃபோர்க் தாங்குமான்னு கடையில கேட்டுக்கிட்டு, முன் டிஸ்க்கை 160 மில்லிமீட்டரிலிருந்து 203-க்கு மாத்தினோம். புது பிரேக் பேட், தேஞ்ச சங்கிலிக்குப் பதில் வேற சங்கிலி, பெரிய மணி ஒண்ணு. பேட்டரி பழசேதான், சார்ஜ் இனி வெளித் திண்ணையில, ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

வர்ற வெள்ளி மதியம் சைக்கிள் இறங்கும். மணி கேட்டா பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கோங்க.