நல்ல தண்ணியும் என் சிங்கப்பூர் மகளும்

"ஆச்சி, தேங்கி நிற்கும் தண்ணீர் கூடாது!" என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே என் ஐந்து வயது மகள் ஒரு குடத்தைச் சரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் மூன்றாவது குடமும் காலி. கொல்லையெல்லாம் ஈரம். கோவில்பட்டியில் மூன்று குடம் நல்ல தண்ணி என்றால் என்னவென்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். எனக்குக் கைகால் ஆடிப்போயிற்று.

இது நடந்தது 2013 டிசம்பரில். என் கணவருக்கு சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் உத்தியோகம். உட்லண்ட்ஸ் பகுதியில் பதினொன்றாவது மாடியில் குடியிருந்தோம். அரசாங்கம் கட்டிய அந்த அடுக்குமாடி வீடுகளை அங்குள்ள தமிழர்கள் 'வீவக வீடு' என்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதன் சுருக்கமாம். புதிதில் அது என் காதில் ஏதோ வசவு மாதிரி விழுந்தது!

வெளிநாட்டு வாழ்க்கை என்றால் ஊரில் பலருக்குக் கண் விரியும். சௌகரியங்கள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். குழாயைத் திறந்தால் இரவு பகல் எந்நேரமும் தண்ணீர், அதையும் காய்ச்சாமலே குடிக்கலாம். ஆனால் கைக்குழந்தை ஒன்று, நடக்கும் குழந்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை நாலு சுவருக்குள் தனியாக இருப்பது இருக்கிறதே, அது வேறு விஷயம். துணி காயப்போட மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டவேண்டும். சின்னவன் காலைக் கட்டிக்கொண்டு நிற்பான், எனக்கு உயிர் போய் உயிர் வரும். நான் குளிக்கப் போகும் பத்து நிமிஷத்துக்கு அவனைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள்தான். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. ஆனாலும் இரண்டு வருஷம் ஒரு மனஸ்தாபம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்தால், அந்த வாரம் பிறந்த வீட்டுக்குப் போய் வந்த மாதிரி.

அந்த 2013ஆம் வருஷம் பெரிய சோதனை. ஜூன் மாதம் சுமத்ரா காட்டுத்தீயின் புகை வந்து ஊரை மூடியது. காற்றின் மாசுக் குறியீடு 21ஆம் தேதி 401 வரை போயிற்று. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு குழந்தைகளோடு நாள் கணக்கில் உள்ளேயே கிடந்தோம். அதே வருஷம் டெங்குவும் பரவியது. 22,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அதிகாரிகள் வீடு வீடாக வந்து பூச்சட்டித் தட்டு, மூங்கில் கழி செருகும் குழாய் எல்லாவற்றிலும் எட்டிப் பார்ப்பார்கள். கொசுப்புழு இருந்தால் 200 வெள்ளி அபராதம். (டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்.) பாலர் பள்ளியில் குழந்தைகளுக்கும் இதே பாடம். வாளியைக் கவிழ்த்து வை, தட்டில் தண்ணீர் நின்றால் கொட்டு என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகள் வீட்டுக்குள் ஒரு குட்டி இன்ஸ்பெக்டராகவே ஆகிவிட்டாள்.

இவ்வளவு சூட்டிகையானவள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு டெலிபோன் போட்டால் மட்டும் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். பிடித்து இழுத்து வந்து காதில் வைத்தால், "வணக்கம் ஆச்சி" என்று ஒரே வார்த்தை. அதோடு ஓட்டம். "புள்ளைக்கு என்னயத் தெரியலை தாயி" என்று ஒருநாள் என் மாமியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். போனை வைத்த பிறகு எனக்கு அன்று சமையலே ஓடவில்லை. அதனால்தான் அந்த வருஷக் கடைசி விடுமுறையில் வழக்கம்போல் பத்து நாள் விருந்தாளியாகப் போகாமல், ஐந்து வாரமும் கோவில்பட்டியிலேயே இருப்பதென்று முடிவு செய்தேன். கணவருக்குப் பன்னிரண்டு நாள்தான் லீவு. சரி, அவர் முன்னால் திரும்பட்டும் என்றேன்.

திருச்சியில் விமானம் இறங்கி, மதுரை வழியாக வேனில் பிரயாணம். மதுரையிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மண் கறுத்துக்கொண்டே வரும். மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அம்மா, இந்த மண்ணை யார் எரித்தது?" என்று கேட்டாள். புகையைப் பார்த்த குழந்தை அல்லவா! எரிக்கவில்லை, நிறமே இதுதான், இதற்குப் பெயர் கரிசல் என்றேன். மழையில் ஊறி உப்பும், வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால்தான் இரண்டு மழை தவறினாலும் பயிர் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். "தான் குடிச்சுக்கிடும், நமக்குத் தராது" என்பார்கள் என் மாமியார் இந்த மண்ணைப் பற்றி.

ஆகவே அங்கே தண்ணீரில் ஜாதி பிரித்து வைத்திருப்பார்கள். அடிபம்பில் வருவது உப்புத் தண்ணி. பாத்திரம் கழுவ, துணி அலச அது. குடிக்க, உலை வைக்க நல்ல தண்ணி. அது தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரியில் எடுத்துக் குழாயில் அனுப்புவது. அந்த வருஷம் எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறை, சமயத்தில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் விட்டார்கள். அதுவும் விடிகாலை மூன்று மணிக்கு. இடையில் தீர்ந்தால் தள்ளுவண்டிக்காரரிடம் குடம் ஐந்து ரூபாய்.

இப்படிச் சேர்த்துவைத்த ஆறு குடத்தில் மூன்றைத்தான் என் மகள் கொட்டினாள். அடுத்த தண்ணீருக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

என் கணவர் கையை ஓங்கிவிட்டார். பிறந்ததிலிருந்து அவளை அவர் அடித்ததில்லை. என் மாமியார் குறுக்கே வந்து, "ஏய், புள்ளையத் தொட்டேன்னா பாத்துக்கோ!" என்று மகனை அதட்டினார்கள். அடி விழவில்லை. ஆனால் குழந்தை சுருண்டுவிட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. பாயில் படுத்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எப்போம்மா நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்றாள். மறுபக்கம் படுத்திருந்த ஆச்சியின் காதில் அது விழாமலா இருக்கும்? அவர்கள் அசையவில்லை. விசிறி மட்டும் நின்றுபோயிற்று.

காலையில் நான் எழுந்தபோது இரண்டு பேரும் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏ தாயி, எதுக்குக் கொட்டுன? ஆச்சிக்குச் சொல்லு."

அவ்வளவுதான், இவள் ஆரம்பித்துவிட்டாள். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று விரல் மடக்கி, "கொசு கடித்தால் டெங்கு காய்ச்சல் வரும்" என்று முடித்தாள். எல்லாம் புத்தகத் தமிழ்! ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் என் குடத்துல புழு கெடந்துச்சா?" என்றார்கள். இவள் முழித்தாள். பார்க்காமலே கொட்டியவள்தானே. "சரி வா, பாப்பம்."

டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். மீதிக் குடங்கள் மூன்றும் வேஷ்டித் துணி கட்டி மூடியவை, ஒன்றிலும் ஒன்றுமில்லை. ஆனால் மூலையில் புழக்கமில்லாமல் கிடந்த ஆட்டுரல் குழியில் மழைத் தண்ணீர் நின்று, கறுப்புக் கறுப்பாக நெளிந்துகொண்டிருந்தது. தேங்காய்ச் சிரட்டையிலும் அப்படியே. கோழிக்கு வைத்த சட்டியிலும்! "அட, இத தண்ணிப்பூச்சின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!" என்று என் மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பையன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த ஈரத்தில் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு உட்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணியை இழுத்துக் கட்டவேண்டும். மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அவை அதிகமாக்கிவிடும். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அன்றிலிருந்து பேத்திக்கு ஒரு வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுரல், சிரட்டை, சட்டி எல்லாம் அவள் பொறுப்பு. மூன்று நாள் கழித்து விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தபோது, என்னை எழுப்பாமலே ஆச்சியோடு போய்விட்டாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு. "சிங்கப்பூர்க்காரி வரிசையில நிக்கா பாருங்க!" என்று தெருப் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. செம்பு செம்பாக மொண்டு ஒரு குடத்தை நிரப்பிவிட்டுத்தான் தூங்கப் போனாள்.

அவள் பேச்சும் மாறிவிட்டது. 'அங்கன', 'இங்கன', 'வாரேன்', 'போறாக' எல்லாம் தாராளமாக வந்தது. இந்தப் பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இந்த வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தாரே, அந்த அளவுக்கு இங்கே சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஜனவரியில் பள்ளி திறந்தபோது தமிழ் டீச்சர் திருத்து திருத்தென்று திருத்தினார் என்பது வேறு கதை.

எட்டயபுரம் ரோட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மழைக் கரிசலில் கால் வைத்தால் காலுக்கு ஐந்து கிலோ மண் ஒட்டும். மகளின் செருப்பு ஒன்று உள்ளே போனது போனதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை! உளுந்தும் பாசிப்பயறும் காய் பிடித்திருந்தன. "இதுக்குத் தண்ணிக் குழாய் எங்க ஆச்சி?" என்றாள். ஆச்சி வானத்தைக் காட்டினார்கள். கோவில்பட்டியில் வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வருவது. சிங்கப்பூரில் சுமார் 2,400 பெய்கிறது. ஆனால் அங்கே தேக்கி வைக்க இடமில்லை. 1962இல் போட்ட ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து குழாயில் வாங்குகிறார்கள். போதாததற்குக் கழிவுநீரையே சுத்திகரித்து 2003 முதல் பயன்படுத்துகிறார்கள். நான் சொன்னதை மகள் தன் பாணியில் ஆச்சிக்குச் சொன்னாள்: "எங்க ஊருக்கும் தண்ணி பக்கத்து ஊர் ஆத்துலருந்துதான் வருது ஆச்சி."

"அடப் பாவமே! அவுகளும் நம்மள மாதிரித்தானா?" என்றார்கள் என் மாமியார். அதுவரை சிங்கப்பூர் மேல் அவர்களுக்கு இருந்த ஒரு சின்னக் கோபம் அன்றோடு தணிந்தது என்றே நினைக்கிறேன்.

திரும்பும்போது கடலை மிட்டாய் கட்டிக் கொடுத்தார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிட்டாய்தான். இரண்டு வயதுச் சின்னவனுக்கு மட்டும் உரலில் இடித்துப் பொடியாக்கித்தான் கொடுத்தார்கள். முழுக்கடலை அந்த வயதில் மூச்சுக்குழலில் சிக்கிவிடும். மகள் ஒரு பாக்கெட்டைப் பெருமையாகப் பள்ளிக்கு எடுத்துப்போனாள். கடலை ஒவ்வாத குழந்தைகள் இருப்பதால் அனுமதி இல்லையென்று அப்படியே திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் அரை நாளில் தீர்த்துவைத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. நம்பரைப் போட்டுவிட்டு சோபாப் பக்கம் பார்த்தேன். ஆள் அங்கே இல்லை. என் கையிலிருந்த போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சி, தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு தாயி. ஏழு குடம் பிடிச்சேன்."

"ஆட்டுரல் பாத்தீகளா?"