ரோடு பஞ்சாயத்துக்கு... வாசல் எனக்கு!

உங்கள் வீட்டுக் காம்பவுண்டு முடிகிற இடத்துக்கும் தார் ரோடு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவே மூன்றடியோ நாலடியோ ஒரு மண் தரை இருக்கிறதே... அது யாருடையது?

'என்னுடையதுதான்' என்கிறவர்கள் பீரோவைத் திறந்து பத்திரத்தைப் பாருங்கள். அதில் இருக்காது. 'கார்ப்பரேஷனுடையது சார்' என்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் அதே இடத்தில் பைக்கை நிறுத்தும்போது தங்களுக்கு வருகிற கோபத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது மட்டும் அது எப்படி உங்களுடையதாகிறது?

சென்னையில் நான் குடியிருக்கும் தெருவில் இந்த மூன்றடிக்காக நடக்காத சண்டை இல்லை. ஒருவர் பூந்தொட்டி வைக்கிறார். எதிர்வீட்டுக்காரர் கருங்கல்லைப் புரட்டிப் போடுகிறார். இன்னொருவர் கார் ஏறுவதற்காக ரோடு வரைக்கும் சிமெண்ட் சரிவு போட்டு, அடியில் ஓடிய மழைநீர்க் கால்வாயை நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டார். ஆனால், அதே மூன்றடியில் ஒரு செத்த எலி கிடந்தால்? உடனே அது அரசாங்கத்தின் இடமாகிவிடும்! கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவோம். எலி தெருவுக்குப் பொது.

இப்படிப்பட்ட தெருவிலிருந்து, சித்தி பெண் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். பட்டுக் கடைக்குப் போகும் ஆண்கள் இரண்டே வகைதான். சேரில் உட்கார்ந்து தூங்குகிறவர்கள், பில் வந்ததும் விழித்துக்கொள்கிறவர்கள். நான் இரண்டிலும் சேராமல் நழுவிவிட்டேன். பெண்கள் இரண்டாவது நாளும் கடைக்குப் போவார்கள் என்று தெரிந்ததும், விடியற்காலையிலேயே பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தேன். நெசவாளர்கள் நிறைந்த பகுதி.

தெருவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பட்டு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். பாவு! நெசவில் நீளவாக்கில் ஓடும் இழை. வழக்கமாக மூன்று சேலைக்கு ஒரு பாவு. அவ்வளவு நீளத்துக்கு எந்த வீட்டில் கூடம் இருக்கிறது? அதனால் தெருதான் கூடம். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி, ஆற்றி எடுத்துவிட வேண்டும். ஒருவரால் முடிகிற காரியமில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் கை கொடுக்கிறார்கள்.

"தெருவெல்லாம் பளிச்சுன்னு வெச்சிருக்கீங்களே!" என்றேன் ஒரு பெரியவரிடம்.

"வேற வழி? ஒரு குச்சி கெடந்தாப் போதும், நூலு மாட்டிக்கும். எதிர்வூட்டுக்காரன் தண்ணிய எறைச்சு சேறாக்கினா என் பாவு போச்சு. நான் எறைச்சா அவன் பாவு போச்சு. அதான் யாரும் எறைக்கிறதில்ல!"

சுத்தத்தைப் பற்றி எத்தனையோ போஸ்டர் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒன்றுகூடச் சொன்னதில்லை. சேலம் பக்கம் நெசவாளர்கள் இதற்காகவே 'பாவடி' என்று பொது மைதானம் வைத்துக்கொண்டார்கள். காஞ்சியில் தெருவே பாவடி. இப்போது பைக்கும் ஆட்டோவும் பெருத்துவிட்டதால் தெருவில் பாவு நீட்டுவது வரவரக் குறைகிறது என்றார் பெரியவர்.

அங்கிருந்து தாமலுக்கு பஸ் பிடித்தேன். ஏன் தாமல்? சென்னையிலிருந்து பெங்களூர் போகும்போதெல்லாம் பாலுசெட்டிசத்திரம், தாமல், ஓச்சேரி என்று போர்டு போர்டாகக் கடந்து போயிருக்கிறேனே தவிர, இறங்கியதில்லை. நீங்களும் இறங்கியிருக்க மாட்டீர்கள். ஊரைப் பார்த்தால் சின்னதுதான். பழைய தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒன்றின் பெயர் தாமற்கோட்டம். இன்றைய பாஷையில் சொன்னால், மாவட்டத் தலைநகரம் மாதிரி இருந்த ஊர்! சிவனுக்கு வராகீஸ்வரர் கோயில், பெருமாளுக்கு தாமோதரன் கோயில். தாமோதரன் பெயரிலிருந்துதான் தாமல் வந்தது என்பது ஊர்ப்பேச்சு. அப்புறம் ஏரி. காஞ்சி வட்டாரத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. தண்ணீர் இருக்கிற வருஷம் போய்ப் பாருங்கள், 'கடல்' என்றுதான் வாயில் வரும்.

நான் போனபோது காலை ஏழு மணி. உள்தெருவில் ஒரு பாட்டி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். தன் வீட்டுச் சுவரோடு நிறுத்தவில்லை. மண் தரையைத் தாண்டி, ரோட்டிலும் இரண்டடி பெருக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். குப்பையைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளவும் இல்லை! சென்னைக்காரனுக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

"ஏம்மா, ரோடு பஞ்சாயத்துதுதானே? நீங்க ஏன் பெருக்கறீங்க?"

பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா தம்பி கேள்வி இது? ரோடு பஞ்சாயத்துக்கு. வாசல் எனக்கு!"

சட்டப் புத்தகத்தில் இந்தத் தெளிவு கிடையாது. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராமத்துத் தெருக்கள் ஊராட்சியின் வசம். தெருவைப் போடுவது, விளக்குப் போடுவது, வடிகால் கட்டுவது, பெருக்குவது எல்லாமே ஊராட்சியின் கடமைகள். 2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு விதிகள், உங்கள் குப்பையைத் தெருவில் போடாதே, கொளுத்தாதே, சாக்கடையில் தள்ளாதே என்றன. அதாவது, சட்டம் நம்மைக் கெடுக்காதே என்கிறது. 'விடிஞ்சா உன் வாசலைப் பெருக்கு' என்று எந்த அதிகாரியும் வந்து சொல்வதில்லை. அதைச் சொல்வது மாமியார்.

இங்கே ஆண்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். வரி ரசீது அப்பா பெயரில் வரும். வாசல் மட்டும் பாட்டி, அம்மா, அக்கா பெயரில்! மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு எழுந்து, சாணம் கரைத்துத் தெளித்து, கோலம் போட்டு... இதற்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, பி.எஃப். இல்லை. வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேசுகிறோமே, அது நடைமுறையில் வீட்டுக்காரி பொறுப்பு. பாட்டி படுத்துவிட்டால், மருமகள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டால், அந்த மூன்றடி அன்றே அநாதை.

தாமலும் சொர்க்கலோகமில்லை. பாட்டி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, வாசலில் மண்ணே தெரியாமல் சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

"சேறு மிதிக்க வேணாம்னுதான் சார்" என்றார் அந்த வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் எங்கே இறங்கும்? அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். அவரும் சிமெண்ட் போட்டு நாலு அங்குலம் உயர்த்துவார். ரோடு போடுகிறவர்களும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, வருஷத்துக்கு வருஷம் தெருவை வளர்ப்பார்கள். கடைசியில் வீடுகளெல்லாம் பள்ளத்தில்! ஒரு காலத்தில் தெருவைப் பார்த்து உட்கார்ந்த திண்ணை, இப்போது தெருவை அண்ணாந்து பார்க்கிறது. இந்தக் கூத்து தாங்காமல்தான், பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ரோடு பெரிசாகப் பெரிசாக வாசல் செத்துப்போகும் என்பதை ஹைவே ஓரத்தில் பார்த்தேன். பழைய என்.எச். 4, இப்போது நம்பர் மாறி 48. டீக்கடைகளைத் தாண்டி நடந்தால் கவர், கப், பாட்டில். தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லேயே தடை வந்துவிட்டது. அந்தத் தகவல் இந்தக் கவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"இங்க யாரு பெருக்குவா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"கடைக்கு முன்னாடி நான் பெருக்கறேன். அதுக்கு அந்தாண்ட ஹைவேஸ்காரன் எடம் சார்."

ஹைவேஸ்காரர் எங்கே இருப்பார்? ஆபீஸில் இருப்பார். பஸ்ஸில் போகிறவர் கவரை எறிகிற இடம் அவருக்கு வாசல் இல்லை, ஜன்னல். யாருடைய வாசலும் இல்லாத இடத்துக்குத்தான் ஊர்க்குப்பை அத்தனையும் போய்ச் சேருகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். ஒரு டீ குடித்தால் போதும்.

ஏரிக்கரையில் நின்றபோது இன்னொன்று தோன்றியது. ஏரி யாருடையது? அதுவும் யார் வீட்டு வாசலும் இல்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான வருஷம் இந்த வட்டாரத்து ஏரிகள் பிழைத்திருக்கின்றனவே! இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ம் வருஷத்தவை. ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம். குடவோலை போட்டு ஆள் எடுப்பார்கள், பதவி 360 நாள். உறுப்பினராக சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். (வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு அன்றைக்கே சீட்டு கிடையாது!) முன்னால் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. இந்த ஒரு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால்... வேண்டாம், வம்பு.

வாரியம் போன பிறகும் குடிமராமத்து இருந்தது. வாய்க்கால் தூர் வார, கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள். 1858-ல் வெள்ளைக்காரன் இதற்கென்று ஒரு சட்டமே போட்டான், வராதவனைக் கட்டாயப்படுத்த. ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் வந்ததென்றால், வழக்கத்துக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி எழுப்பியது. முதல் கட்டத்துக்கு நூறு கோடி ரூபாய் ஒதுக்கி, இதே மாவட்டத்து மணிமங்கலத்தில்தான் ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் மண்வெட்டி எடுத்தவர்களின் பேரன்களுக்கு, தாத்தா செய்ததை ஞாபகப்படுத்த நூறு கோடி!

வெளிநாட்டுக்காரன் மட்டும் பிறவியிலேயே சுத்தம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில், அவரவர் வீட்டுச் சாணிக்குப்பையை வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று 1492-லேயே விதி போட்டார்கள். கொலம்பஸ் அமெரிக்காவைத் தேடிக் கிளம்பிய அதே வருஷம்! அந்தப் பகுதியில் இந்த வாரம் யார் பெருக்குகிற முறை என்று வாசலில் அட்டை மாட்டுகிற பழக்கம் இன்றும் உண்டு. நியூயார்க்கில் 2003-ல் சட்டம் திருத்தி, பெரும்பாலான கட்டடங்களில் முன்னால் உள்ள நடைபாதையைச் சரியாக வைக்காமல் யாராவது விழுந்து அடிபட்டால் கட்டடக்காரரே நஷ்டஈடு தர வேண்டும் என்றார்கள். நம் ஊரில் அது வந்தால், நமக்கெல்லாம் விழுந்தே வீடு கட்டிவிடலாம்.

எனக்குப் புரிந்தது இதுதான். சென்னையில் வாசல் என்றால் உரிமை. தாமல் பாட்டிக்கு வாசல் என்றால் வேலை. கல்லைப் போட்டு அது என் இடம் என்று காட்டுகிறோம் நாம். பெருக்கிக் காட்டுகிறார் பாட்டி. கல்லைப் போட்டால் எதிரி வருவான். பெருக்கினால் அடுத்த வீட்டுக்காரருக்கு வெட்கம் வரும்.

பஸ்ஸுக்குத் திரும்பி வரும்போது, ஒரு வீட்டு வாசலில் இருபத்தைந்து வயது இளைஞர். ஏதோ கம்பெனி யூனிஃபார்ம். நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார். தோளில் பை அப்படியே தொங்க, கையில் தென்னந்துடைப்பம். சரசரவென்று பெருக்கி, வாளித் தண்ணீரைத் தெளித்து, திண்ணையில் இருந்த மாவுக் கிண்ணத்தை எடுத்தார். நான் நின்றுவிட்டேன்.

"அம்மாவுக்கு முட்டி வலி சார். குனிய முடியாது" என்றார், நான் கேட்காமலேயே. "நாலு புள்ளி, நாலு கோடு. அதுக்கு மேல நமக்கு வராது."

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மாள் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

"டேய், கோடு கோணலா போவுது பாரு! எறும்புக்கு வழி தெரிய வேணாமா?"

"எறும்பு ஜிபிஎஸ் போட்டுக்கும், நீ சும்மா இரு பெரியம்மா!"

தெருவே சிரித்தது. உள்ளேயிருந்து அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார். கோணல் கோலத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "காபி ஆறுது, வா" என்றார்.

சார், தென்னந்துடைப்பம் ஒன்றும் தங்க விலை இல்லை. பத்து நிமிஷம்தான் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்கிறீர்களா? நினைக்கட்டுமே. நாளைக்கு அவர் கையிலும் ஒன்று இருக்கும்!