கரடிக் குன்றும் கரண்டு பில்லும்

மலாக்காப் பட்டணத்திலிருந்து ஆயர் குரோ பக்கம் போகிறவர்களுக்குப் புக்கிட் பெருவாங் தெரியாமல் இருக்காது. மலாய் மொழியில் ‘பெருவாங்’ என்றால் கரடி. கரடிக் குன்று! ஆனால் கரடியைத் தேடிப் போகாதீர்கள். காலையில் குன்றேறி வேர்வை சிந்துகிறவர்களைத்தான் பார்க்கலாம். அடிவாரத்தில் தாமான் வீடுகள், மல்டிமீடியா பல்கலைக்கழகம், மாணவர்கள் சேர்ந்து தங்கும் வாடகை வீடுகள்.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பல தோட்டங்களில் இரவானால் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். தாமான் வீட்டில் கரண்டு நிற்பதில்லை. மாதம் பிறந்தால் பில்லும் தவறுவதில்லை.

அந்தப் பில்லில் ‘கே.டபிள்யூ.டி.பி.பி.’ என்றொரு வரி இருக்கும். கவனித்ததுண்டா? நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து மின்சாரம் எடுப்பதால் வெளியாகும் கரிவாயு பூமியைச் சூடாக்குகிறது. அதைக் குறைக்க, சூரிய ஒளி முதலியவற்றிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை தர 2011-இல் சட்டம் வந்தது. அந்த விலைக்கான நிதிதான் இது. 2011 டிசம்பரில் 100 வெள்ளிக் கட்டணத்துக்கு 1 வெள்ளி; 2014-இல் அது 1 வெள்ளி 60 காசு ஆயிற்று. பக்கத்து ஆயர் குரோவிலேயே 2014-இல் 8 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. இத்தகைய நிலையங்களின் மின்சாரத்துக்கு 21 ஆண்டுகள் அந்த விலை உண்டு.

ஏழை வீடுகளை இது தாக்கக்கூடாது என்று, மாதம் 300 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு விலக்கு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கோடு ஆளை எண்ணுவதில்லை, மீட்டரை எண்ணுகிறது. கணவன் மனைவி இருவர் மட்டும் வாழும் வீடு கோட்டுக்குள் நிற்கும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என எட்டுப்பேர் ஒரே கூரையில் இருந்தால்? ஆளுக்கு 50 யூனிட் என்றாலே 400 ஆகிவிடும்! சிக்கனமாக வாழ்ந்தும் விலக்குப் போயிற்று. மாணவர்கள் கூடித் தங்கும் வீட்டிலும் இதே கதைதான்.

150 வெள்ளிக் கட்டணத்துக்கு இது 2 வெள்ளி 40 காசு. சிறு தொகைதான், ஆனால் காசை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அது ஒரு வேளைக் காய்கறி.

2025 ஜூலையில் கட்டண முறையே மாறி, பில்லில் வரிகளும் பெருகின. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். முதலில் யூனிட்டைப் பாருங்கள். படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பூமியைக் காக்க நாமும் காசு தருகிறோம். எதற்கு, எவ்வளவு என்று தெரிந்து தருவோமே!