கணனி விளையாட்டும் காத்திருப்பும்

கணனி விளையாட்டொன்றைத் தொடங்க விரும்புபவன் முதலிற் செய்வது விளையாடுவதன்று, காத்திருப்பதேயாகும். திரையின் அடியில் மெல்ல நகரும் கோடொன்றைப் பார்த்தவாறு அவன் அமர்ந்திருக்கிறான். கோடு அசையாது நின்றுவிட்டால் அவன் கூறும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "என் கணனி பழையது." வசதி குறைந்தவன் இக்காரணத்தை இன்னும் விரைவாக ஏற்றுக்கொள்கிறான். தாமதத்தின் பழியைத் தன் வறுமையின்மேற் சுமத்திக்கொள்ளும் இம்மனநிலை எவ்வளவு பொருத்தமானது என்பது ஆராயத்தக்கது.

விளையாட்டு ஏற்றப்படுதல் தனியொரு செயலன்று. சேமிப்பகத்திற் கிடக்கும் படங்களும் ஒலிகளும் நினைவகத்துக்கு வரவேண்டும். சுருக்கி வைக்கப்பட்டவை விரிக்கப்படவேண்டும். எழுத்து வடிவிலுள்ள பட்டியல்கள் பிரித்தறியப்படவேண்டும். இணையவழி விளையாட்டாயின் தொலைவிலுள்ள கணனியின் மறுமொழியும் கிடைக்கவேண்டும். பலர் கூடிச் செய்யும் வேலையில் மிக மெதுவானவனுக்காக ஏனையோர் காத்திருப்பது போன்றதே இதுவும். ஆகவே, மெதுவானவன் யார் என்பதே கேள்வி.

தொடக்ககாலத்தில் இதில் ஐயமிருக்கவில்லை. 1982 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கணனி, விளையாட்டுக்களைச் சாதாரண ஒலிநாடாவிலிருந்தே பெற்றது. செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 பிற் என்ற அளவில் தகவல் வந்தமையால், 48 கிலோபைற் நினைவகத்தை நிரப்ப நான்கு நிமிடங்களுக்கு மேற் சென்றது. ஒலியளவு பிழைத்தாலோ முழு முயற்சியும் வீணாகும். நாடாவைப் பின்சுற்றி மீண்டும் தொடங்கவேண்டும். பின்வந்த வன்தட்டு விரைவானதாயினும் அதன் முனை தகவலைத் தேடி அலையவேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுழற்சிக்கே 8 மில்லிசெக்கனுக்கு மேல் வேண்டும். இது அற்ப நேரமே; ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைத் தேடும்போது அற்பமும் பெருகிவிடும். அசையும் உறுப்பற்ற திண்மநிலைச் சேமிப்பகம் இவ்வலைச்சலை ஒழித்தது. 2020 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 செக்கனுக்கு 5.5 கிகாபைற் தகவலை வாசிக்கவல்லது.

சேமிப்பகம் விரைந்ததும் காத்திருப்பு ஒழிந்ததா? ஒழியவில்லை என்பதற்கு 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' விளையாட்டின் இணைய வடிவம் தக்க சான்றாகும். 2013 இல் தொடங்கிய அவ்வடிவம் ஏறுவதற்கு நெடுநேரம் எடுப்பது ஆடுவோர் அனைவரும் அறிந்த குறையாக இருந்தது. 2021 இல் செய்நிரலாளர் ஒருவர் தம் பழைய கணனியில் அதனை அளந்து பார்த்தார். தனியாள் ஆடும் கதைப் பகுதி 1 நிமிடம் 10 செக்கனில் ஏறியது. இணைய வடிவத்துக்கோ 6 நிமிடம் வேண்டியிருந்தது. அந்நேரத்தின் பெரும்பகுதியில் சேமிப்பகமும் வலையமைப்பும் சும்மா இருந்தன. முறைவழியாக்கியின் ஒரு பகுதி மட்டும் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருந்தது.

அது எதற்காக உழைத்தது? விளையாட்டினுள் வாங்கத்தக்க பொருட்களின் பட்டியலொன்றை வாசிப்பதற்காக. 10 மெகாபைற் அளவினதான அப்பட்டியலில் ஏறத்தாழ 63,000 பொருட்கள் இருந்தன. ஒவ்வொரு சிறு கூறை வாசிக்கும்போதும் எஞ்சிய பட்டியல் முழுவதன் நீளத்தையும் செய்நிரல் முடிவுவரை எண்ணிப் பார்த்தது. நூலொன்றின் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்குமுன் எஞ்சிய பக்கங்களையெல்லாம் எண்ணுபவனை ஒத்தது இச்செயல். அதன்பின், வாசித்த பொருளைப் பதியுமுன் அது ஏற்கெனவே பதியப்பட்டதோ என்று பதிவேட்டை முதலிலிருந்து துருவியது. ஒரே பொருள் இருமுறை வராத பட்டியலுக்கு இவ்வாறு ஏறத்தாழ 198 கோடி ஒப்பீடுகள் வேண்டியிருந்தன! மூலநிரல் கையிலில்லாத நிலையிலும் அவர் இவ்விரு குறைகளையும் கண்டு திருத்தினார். 6 நிமிடம் 1 நிமிடம் 50 செக்கனாகக் குறைந்தது. தயாரிப்பாளரான ரொக்ஸ்டார் நிறுவனம் அவர் கூற்றை ஏற்று, 2021 மார்ச்சில் திருத்தத்தை வெளியிட்டது. அவருக்கு 10,000 டொலர் பரிசும் வழங்கியது.

அவரது கணனி முன்பிருந்த அதே பழைய கணனிதான். அதன் பாகம் ஒன்றேனும் மாற்றப்படவில்லை. பழைய கருவி தாமதத்துக்குக் காரணமே ஆகாது என்று இதனாற் கூறிவிட முடியாது. வன்தட்டை மாற்றியதும் விரைந்தோடும் விளையாட்டுக்கள் பலவுள. ஆயின் காரணத்தை அளந்தறியுமுன் தன்னையே நொந்துகொள்பவன், பிறர் செய்த பிழைக்குத் தான் விலை செலுத்துகிறான். புதிய கருவி வாங்கியும் பயன் காணாதவனாகிறான். ஆண்டுக்கணக்கிற் பலர் அக்கோட்டைப் பார்த்துச் சலித்தனர். அந்த ஆறு நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒருவர் தேடிக் கண்டபோதே அக்கோடு விரைந்தது.