சிறிய அறையில் ஒரு குரல்



எழுத்தைக் கல்லில் பொறிக்கப் பன்னெடுங்காலத்திற்கு முன்பே கற்ற மனிதன், தன் குரலைப் பதித்து மீண்டும் கேட்க 1877ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் எடிசன் ஃபோனோகிராஃப் கருவியை ஆக்கினார். இன்றோ வீட்டின் ஓர் அறையிலேயே பாடலையும் பாடத்தையும் பதிவு செய்கின்றோம். எந்தக் கருவியை வாங்கலாம் என நம்மை வினவுவோர் பலர். கருவியைப் பற்றிப் பேசுமுன் அவர்கள் அறையைப் பற்றி நாம் கேட்பதுண்டு.

10 அடிக்கு 10 அடி அளவுள்ள அறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தகரத்தைத் தட்டியதுபோல் ஓர் அதிர்வு காதில் விழும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. ஆதலின் எதிர்ச்சுவரை அடைய அதற்கு விநாடியின் நூறில் ஒரு பங்கும் தேவையில்லை; மீண்டும் மீண்டும் திரும்பி வந்து நம் சொல்லோடு கலக்கின்றது. மேலும், அவ்வளவுள்ள அறையில் 56 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் தங்கிப் பெருகும். இருமடங்கான 112 ஹெர்ட்ஸ், ஆடவர் குரலின் அடித்தொனியை ஒட்டியது. குடத்துக்குள் பேசுவதுபோல் குரல் முழங்குவது இதனாலேயே.

இதற்கு மருந்தை முதன்முதல் அளந்து கண்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் என்னும் பேராசிரியர். அங்கிருந்த ஃபாக் விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. 1895ஆம் ஆண்டு முதல் அவர் இரவுதோறும் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக் கூட எதிர்முழக்கம் குறைந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவர் கணக்கைக் கொண்டு எழுந்ததே.

இவ்வறிவு நமக்குப் பயன்பட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுவோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முற்றாக அகற்ற நாள் குறித்துவிட்டனர். எஞ்சியிருந்தவை 12 நாட்கள். தந்தையின் குரலைக் காத்து வைக்க விரும்பிய மகன் ஒரு நீண்ட பட்டியலோடு நம்மிடம் வந்தார். விலையுயர்ந்த கண்டென்சர் மைக், இரண்டு ஒலிபெருக்கிகள், சுவரில் ஒட்டும் நுரைத் துண்டுகள். இவற்றுக்காக மனைவியின் வளையலை அடகு வைக்கவும் துணிந்திருந்தார். “சாமி, செலவைப் பார்க்க இது நேரமில்லை” என்றார். “செலவைச் சொல்லவில்லை, தம்பி. அறையைப் பார்ப்போம், வாருங்கள்” என்றோம்.

சிமெண்டுத் தரை, கான்கிரீட் கூரை, தெருவை நோக்கிய சன்னல், ஓர் இரும்பு பீரோ. நுண்ணிய ஒலியையும் பற்றும் கண்டென்சர் மைக்கை இரண்டடி தள்ளி வைத்தால், குரலோடு மின்விசிறியும் தெருவும் சுவர்களும் சேர்ந்தே பதியும். டைனமிக் மைக் அறையைக் கேட்பதில்லை என்பர். அது பாதி உண்மையே. வாய்க்கு அருகில் வைக்கவே அது பெரும்பாலும் அமைக்கப்படுகின்றது, அவ்வருகாமைதான் காக்கின்றது. தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறையும். அறையின் முழக்கமோ பெரிதும் குறையாது. ஆதலின் நம் பாடகர் குழுவின் டைனமிக் மைக்கையே கொடுத்தோம். மகன் வாங்கியவை கணினியோடு இணைக்கும் சிறு ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றுமே. சிறிய அறையில் ஒலிபெருக்கிகளின் அடித்தொனி பிழையாகவே கேட்கும், அவற்றை விலக்கினோம். மெல்லிய நுரை கூர்மையான ஒலிகளை மட்டும் விழுங்கும், முழக்கத்தைத் தொடாது. முட்டை அட்டைகளும் அவ்வாறே பயனற்றவை.

ஆசிரியரை அறையின் நடுவிலும் மூலையிலும் அமர்த்தவில்லை. மைக்கின் முகம் நோக்கும் இடம் அவருடைய முதுகுப்புறமாதலின், அங்கே இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை, சுவரிலிருந்து சற்றே விலக்கி நிறுத்தினோம். பீரோவைத் திறந்து புடவை அடுக்குகளைக் காட்டினோம். சன்னலுக்குக் கம்பளி. பேசும் மூச்சு நேரே மோதாதபடி மைக்கை வாயின் ஓரமாக நான்கு விரற்கடை தூரத்தில் வைத்து, உரத்த சொல்லும் −12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு அளவைத் திருத்தினோம். விசிறியை நிறுத்தி, ஊர் அடங்கிய பின் பதிவு தொடங்கியது.

ஒன்பது இரவுகள் அவர் பேசினார். குடும்பத்தின் கதை, பெயரன் பெயர்த்திகளுக்குத் தனித்தனியே சில சொற்கள். இறுதியில் அவர்தம் துணைவியார் ஒன்று கேட்டார்: திண்ணையிலிருந்து அவர் நாள்தோறும் அழைப்பதுபோல் ஒருமுறை அழைக்க வேண்டுமாம். “இந்தாம்மா, தண்ணி கொண்டா” என்றார் அவர். அதற்காக மட்டும் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தோம். இன்று ஆசிரியர் நலமே. பலகையில் எழுதிப் பேசுகின்றார். நினைத்த கடனில் ஐந்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை. வளையல் கையிலேயே உள்ளது.

வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் காக்கத்தக்க குரல் ஒன்று இருக்கும். நோய் வரும்வரை காத்திராதீர்கள். முதலில் அமைதியான வேளையைத் தேடுங்கள்; அடுத்து மெத்தையையும் துணியையும்; பிறகு அருகாமையை. கருவி அதற்கும் பிறகே. மைக் இல்லையேல் கைபேசியே போதும். ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். பதிந்ததை மறவாமல் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.