மாமா மட்டும் குதிக்கலாமா?

தென்காசியில் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது. தனி மாவட்டமாகி என்ன கண்டோம், சாரல் ஏன் இந்த வருஷம் லேட், அஸ்வின் ஏன் பாதி சீரிஸில் ரிடையர் ஆனார் — எல்லாவற்றுக்கும் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அப்பீல் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் கொஞ்சம் விவகாரமான ஒரு பொழுதுபோக்கை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு இருக்கிறதே!

விமானத்திலிருந்து குதிப்பது. அதுதான் பொழுதுபோக்கு.

அடியேன் பி.காம். துபாயில் ஏழு வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். லீவு நாளில் ரூம்மேட்டுகள் பிரியாணி சாப்பிட்டுக் குப்புறப் படுத்திருப்பார்கள். நான் பாலைவனத்துக்குப் போய் ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டேன். மொத்தம் 41 தடவை குதித்திருக்கிறேன். இப்போது ஊரோடு வந்து, பகலில் நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ராத்திரியில் இந்த மாதிரி எழுத்து. "துபாய்க்குப் போனவன் எல்லாம் வீடு கட்டுதான். இவன் குதிச்சிட்டு வந்திருக்கான்!" என்பது டீக்கடை அண்ணாச்சியின் தீர்ப்பு. குதித்த காசில் மேலகரம் பக்கம் ரெண்டு சென்ட்டாவது வாங்கியிருக்கலாம் என்பது அம்மாவின் கணக்கு.

"வயித்தைக் கலக்காதாவே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கலக்காது ஸார். பொருட்காட்சி ராட்டினத்தில் கலக்குகிற மாதிரி கூடக் கலக்காது. விமானமே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் திடீரென்று விழுகிற உணர்ச்சி வருவதில்லை. 13,000 அடியில் வெளியே வந்தால் பத்துப் பன்னிரண்டு செகண்டில் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அதற்கு மேல் ஏறாது. காற்றே மெத்தை மாதிரித் தாங்கிக்கொள்ளும். ஒரு நிமிஷம் காதில் இரைச்சல். கீழே பூமி அசையாமல் கிடக்கும். பாராசூட் விரிந்ததும் வருகிற நிசப்தம் இருக்கிறதே, அதற்குத்தான் அத்தனை காசும். வயிற்றைக் கலக்குவது அதற்கு முன்னால், விமானக் கதவைத் திறக்கும்போது.

அந்தக் கதவில் நின்றவன் என்ற முறையில் அஸ்வின் விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 106 டெஸ்ட், 537 விக்கெட். 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில், சீரிஸ் முடிய இன்னும் இரண்டு மேட்ச் இருக்கும்போது 'போதும்' என்றார். டீக்கடையில் அரை மணி நேரம் கொதித்தார்கள். எப்போது வெளியே போவது என்பதைக் கதவில் நிற்கிறவன் தீர்மானிக்க வேண்டும், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. இதைச் சொன்னதற்கு, "உனக்கு கிரிக்கெட் தெரியாது, நீ வானத்தைப் பாரு" என்றார்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்தார். எல்லாம் சுமுகமாகப் போனது. பழக்கவழக்கம் பற்றிய கேள்வியில் உண்மையைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். "சாகச விளையாட்டு எல்லாம் பாலிசியில வராது தம்பி. உயிர் மேல ஆசை வேண்டாமா?" என்று பத்து நிமிஷம் புத்தி சொல்லிவிட்டு, பைக்கின் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைத் தலைக்கு ஏற்றாமல் முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாதவர்கள் மட்டும் 50,029 பேர். அரசாங்கமே வெளியிட்ட கணக்கு.

உடனே 'ஆகையால் ஸ்கைடைவிங் பைக்கை விடப் பத்திரம்' என்று கிளம்பிவிட மாட்டேன். அமெரிக்காவில் 2023-ல் சுமார் 36.5 லட்சம் தடவை குதித்ததில் 10 பேர் இறந்தார்கள். அதாவது மூன்றரை லட்சத்துக்கு ஒன்று. ஒரு தடவை குதிப்பதையும், ஒரு தடவை கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குதிப்பதுதான் ஆபத்து. பி.காம். படித்தவன் கழித்தல் கணக்கில் பொய் சொல்லக்கூடாது. நம் சேலத்திலேயே 2014-ல் ஒரு பயிற்சிக் குதிப்பில் உயிர் போயிருக்கிறது.

போன மாசம் அக்கா போன் பண்ணினாள்.

"ஏல தம்பி, இவன் என்ன பண்ணியிருக்கான்னு பாரு. போன்ல அனுப்பியிருக்கேன்."

பார்த்தேன். அக்கா பையன். இன்ஜினீயரிங் ரெண்டாம் வருஷம். குற்றாலத்துக்கு மேலே, வனத்துறை போர்டு வைத்து ஆகாது என்று சொல்லியிருக்கிற ஒரு கசம். இருபது அடிப் பாறை மேல் சட்டை இல்லாமல் நிற்கிறான். பின்னணியில் ரஜினி பி.ஜி.எம். ஒரு குட்டிக்கரணத்தோடு தண்ணீருக்குள் மறைகிறான். வெளியே வர நாலு செகண்ட். அந்த நாலு செகண்டை நான் ஏழெட்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

"நீ பேசுல. ஆகாயத்துல இருந்து குதிச்சவன் சொன்னாத்தான் கேப்பான்" என்றாள் அக்கா. அவளுக்குத் தெரியவில்லை, அதனாலேயே கேட்க மாட்டான் என்று.

பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். ரெண்டாவது செட்டு வரை பொறுத்திருந்து பேச்சை எடுத்தேன். பயல் தயாராகவே வந்திருந்தான்.

"மாமா, நீங்க 13,000 அடி. நான் வெறும் 20 அடி. யாருக்கு யாரு புத்தி சொல்லணும்?"

பக்கத்து டேபிள்காரர் சிரித்துவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது. 'அது வேற, இது வேற' என்று சொன்னால் முடிந்தது. இந்த நாட்டில் பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது.

"மாப்ளே, அந்தக் கசம் எவ்வளவு ஆழம்?"

"நல்ல ஆழம் மாமா."

"எத்தனை அடி?"

"போன வருஷம் நாலு பேரு குதிச்சிருக்கானுவ. ஒண்ணும் ஆகல."

"அடியில பாறை எங்க இருக்கு? போன வெள்ளத்துல புதுசா ஒண்ணு உருண்டு வந்திருந்தா?"

பயல் சால்னாவைப் பார்த்தான்.

நான் என் கதையைச் சொன்னேன். முதுகில் ஒன்றல்ல, இரண்டு பாராசூட். இரண்டாவதை நாமே மடிக்க முடியாது; அதற்கென்று லைசென்ஸ் வாங்கிய ஆள் மடித்துச் சீல் வைப்பார். நான் மயக்கம் போட்டு விழுந்தாலும், உயரம் குறைந்துவிட்டது என்று பார்த்து அந்த ரெண்டாவதைத் தானே விரிக்கிற ஒரு சின்ன எந்திரம் முதுகிலேயே இருக்கிறது. 1991-ல் ஒரு ஜெர்மன்காரர் கொண்டுவந்த சங்கதி. லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 25 தடவை குதித்திருக்க வேண்டும். வாங்கின பிறகும், என்னைப் போன்ற கத்துக்குட்டி 60 நாள் குதிக்காமல் இருந்தால், திரும்பப் போகும்போது ஒரு பெரிய ஆள் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் சொல்கிறது. (நம் ஊரில் இருபது வயதில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு நாற்பது வயது வரை பஸ் ஸ்டாண்டு பக்கம் என்னென்ன வித்தை காட்டுகிறோம்!)

"நான் தைரியசாலி இல்ல மாப்ளே. பயந்தாங்கொள்ளிதான். அதான் ரெண்டு பாராசூட்டு. உன் கசத்துல ரெண்டாவது எங்க இருக்கு?"

"அப்பம் குதிக்கவே கூடாதுங்கீங்க."

"காத்து சரியில்லைன்னா நாங்களும் குதிக்க மாட்டோம்."

இது அவனுக்குப் புதுசு. எனக்கும் துபாயில் புதுசாகத்தான் இருந்தது. விமானம் நிற்கும், பைலட் நிற்பார், பணம் கட்டியாச்சு. காற்று வேகம் கூடிவிட்டால் 'வெதர் ஹோல்டு' என்று ஒரு வார்த்தை. மாணவர்களுக்கு மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்தான் எல்லை. நம் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் ஆனி, ஆடியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோமே, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் ஒருத்தனையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நாலு மணி நேரம் மணலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய. ஆயிரம் தடவை குதித்த வெள்ளைக்காரர் கூடப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். யாரும், "நான் யார் தெரியுமா?" என்று கேட்டதில்லை.

குற்றாலத்தில் அதைத்தான் முதலில் கேட்கிறோம். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் விசில் ஊதினால் போதும். "மதுரையில இருந்து வேன் பிடிச்சு வந்திருக்கோம் ஸார்", "ரெண்டே நிமிஷம்", "எங்க சித்தப்பா செக்ரட்டேரியட்ல..." தடை போட்டவர் ஏதோ தண்ணீரைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். மலைக்கு மேலே பெய்த மழை திடுதிப்பென்று அருவியில் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அவன் எந்த வித்தையும் காட்டவில்லை. குளிக்க வந்தவன். அதற்குப் பிறகும் விசிலோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நகைச்சுவையாக எழுத வரவில்லை.

"அப்பம் பெரிய ஆளுங்க யாரும் சாகறதில்லையா?" என்றான் பயல். நல்ல கேள்வி.

சாகிறார்கள். பாராசூட் அழகாக விரிந்து, தரை நூறு அடியில் இருக்கும்போது, பழகின கை கொஞ்சம் ஸ்டைலாக ஒரு திருப்பம் திருப்பும். அதில் போனவர்கள் கணிசம். ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2012-ல் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து, ஒலியை மிஞ்சிய வேகத்தில் விழுந்து, காலூன்றி இறங்கினார். 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடரில் பறந்தபோது விழுந்து இறந்துபோனார். செஸ்ஸில் கூடப் பாருங்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 14-வது ஆட்டம் டிராதான் என்று உலகமே பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, டிங் லிரென் யானையைத் தப்பாக நகர்த்தினார். நம்ம குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். டிங்குக்கு ஆட்டம்தான் போனது.

பயலுக்கு இதெல்லாம் போதனையாகத் தோன்றியிருக்க வேண்டும், கொட்டாவி விட்டான். ஷீதல் மகாஜன் என்கிற புனேக்காரர், வட துருவத்தில் 2004-லேயே குதித்தவர், 2018-ல் தாய்லாந்தில் மராத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு 13,000 அடியிலிருந்து குதித்தார் என்று சொன்னதும்தான் நிமிர்ந்தான். "புடவை பறக்காதா மாமா?" பறக்காமல் இருக்க எங்கெங்கே பின் குத்தி, எப்படி ஒட்டி, பாராசூட் பிடியில் துணி சிக்காமல் எப்படிக் கட்டுவது என்று யோசித்திருப்பார் இல்லையா? ரீலில் அது வராது.

திரும்பும்போது மெயின் அருவிப் பக்கம் பைக்கை நிறுத்தினோம். (இரண்டு பேரும் ஹெல்மெட். அவனுக்கு முணுமுணுப்பு.) தண்ணீர் மிதமாக விழுந்துகொண்டிருந்தது. பாதி உயரத்தில் பொங்குமாகடலைக் காட்டினேன். உச்சியிலிருந்து வருகிற தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. அந்தப் பள்ளத்தில் விழுந்து, வேகம் செத்து, பொங்கி வழிந்து அப்புறம்தான் கீழே வருகிறது. அது மட்டும் இல்லையென்றால் பேரருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு யாரும் நிற்க முடியாது.

"அருவியே பாராசூட் போட்டுக்கிட்டுத்தான் குதிக்குங்கீங்க" என்றான் பயல். அட, இதை நான்தான் சொல்லலாம் என்று இருந்தேன்!

போன ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழை. சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு போட்டோ. அருவிக் கரையில் ஐந்தாறு பையன்கள், கையில் மிளகாய் பஜ்ஜி. 'மாமா, போலீஸ் விடலை. வெதர் ஹோல்டு' என்று எழுதியிருந்தான்.

'வெரிகுட். கசம் பக்கம் போனியா?' என்று கேட்டேன்.

ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. மூன்று நாளாகிறது. பயல் இன்னும் பதில் போடவில்லை.