மலைக்கோட்டை நிழலில் – 4: பேகம்பூர்

சென்ற வாரம் மலைக்கோட்டை ஏறி இறங்கியதில் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஆகவே இந்த வாரம் சமதளம்தான் என்று முடிவு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறி, "பேகம்பூர்" என்றேன்.

"பள்ளிவாசலா, பிரியாணியா?" என்றார் ஓட்டுநர். வரிசையாக இரண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கோட்டை கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். இதெல்லாம் போன வாரமே சொல்லியாயிற்று. 1755-இல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக ஹைதர் அலி இங்கே வந்தார். பாளையக்காரர்களை அடக்குவதுதான் வேலை. பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஓர் ஆயுதப் பட்டறையும் போட்டார். சில ஆண்டுகளில் மைசூரே அவர் கைக்குள் வந்துவிட்டது. ஒரு சிப்பாய் அரசனாவதற்குப் பாடம் படித்த ஊர் இது. அவரைத் தேடி எல்லோரும் மூச்சு வாங்க மலை ஏறுகிறோம். அவர் தங்கையோ கீழே, மிதிவண்டிகளும் பஞ்சர் கடைகளும் சூழ, அமைதியாக உறங்குகிறார்.

பெரிய பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கும் அமீருன்னிசா பேகம்தான் அந்தத் தங்கை. பேகம்பூர் என்ற பெயரும் அவரால்தான். வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர், "செருப்ப அந்த ஓரமா விட்டுட்டு வாங்க தம்பி" என்றார். உள்ளே போய் வந்த பிறகு, "மலையப் பாத்தீங்கள்ல? அங்க ராஜா யாரும் இல்ல. இங்க அந்தம்மா இருக்காங்க" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

வெளியே வந்தால் காற்றில் தோல் வாடை. திண்டுக்கல்லுக்குத் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையில் ஊறப்போட்ட காலம் போய் ரசாயனம் வந்தது. தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள கிணறுகள் உப்பாகிப்போயின. டீக்கடையில் எனக்குக் கிடைத்த தண்ணீரும் கேன் தண்ணீர்தான்.

அடுத்து கோபாலசமுத்திரம் குளம். விருப்பாட்சி பாளையக்காரர் கோபால நாயக்கரைக் ஆங்கிலேயக் கும்பினிப் படை 1801-இல் தூக்கிலிட்டது இந்தக் குளத்தருகே என்றும், அவர் பெயரே குளத்துக்கு வந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். 1772-இல் கணவரைப் போரில் இழந்த சிவகங்கை வேலு நாச்சியாருக்கு அதே விருப்பாட்சியில்தான் அடைக்கலம் கிடைத்தது. அவர் ஹைதர் அலியிடம் படை உதவி பெற்று 1780-இல் சிவகங்கையை மீட்டார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திண்டுக்கல் கும்பினி கைக்குப் போனது. ஜெயித்த வெள்ளைக்காரத் தளபதிகளில் ஒருவர் பெயரையும் நான் சுற்றிய தெருக்களில் பார்க்கவில்லை. பேகமும் நாயக்கரும் நிற்கிறார்கள்.

கடைசியாக நாகல்நகர். சந்துக்குள் ஓர் அரம் கீறும் சத்தம் இழுத்துக்கொண்டு போனது. பூட்டுப் பட்டறை. ஹைதரின் ஆயுதப் பட்டறைக்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசைதான். ஆதாரம் கைவசம் இல்லை, விடுங்கள். பனியன் போட்ட ஒருவர் மாங்காய்ப் பூட்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, சாவியின் பல்லை ராவி, நுழைத்துத் திருப்பி, காதருகே வைத்துக் கேட்டார். திரும்பவும் ராவினார். நான்காவது முறை லீவர் 'டொக்' என்று விழுந்தபோதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பூட்டுச் சாவி இன்னொண்ணுக்குச் சேராதா?"

"சேந்துச்சுன்னா அது பூட்டு இல்லண்ணே, கொக்கி."

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டு விலையோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்றார். பேரம் பேச மனம் வரவில்லை. ஒன்று வாங்கிப் பையில் போட்டேன். தோள் ஒரு பக்கம் இறங்கியது.

வீட்டில் மேசைமேல் வைத்ததும் மனைவி கையில் தூக்கிப் பார்த்தாள். "பூட்டு சரி. இதத் தாங்குற கதவு எங்க இருக்கு நம்ம வீட்டுல?"

(தொடரும்)